ஸ்விம் ஜிக்குக்கு எந்த ராட், எந்த லைன்?

மீன்பிடிச் சாமான் கடையில் ராட், அதாவது தூண்டில் கோல், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோ தாங்கும்ணா?" என்பதுதான். கடைக்காரரும் "பத்து கிலோ தாராளமா தாங்கும் தம்பி" என்று சொல்லிவிடுவார். கேள்வியும் சரியில்லை, பதிலும் சரியில்லை. அந்த ராடோடு முட்டுக்காட்டு உப்பங்கழிக்குப் போய், கொடுவா நன்றாக அடித்தும் முள்ளில் தங்காமல் போனால், அடுத்த தடவை அதைவிடத் தடித்த ராடும் தடித்த லைனும் (தூண்டில் நரம்பும்) வாங்கத் தோன்றும். பெரும்பாலும் அதில் நிலைமை இன்னும் மோசமாகும்.

ராடை ஒரு பொருளாகவும் லைனை வேறு பொருளாகவும் தனித்தனியே பார்ப்பதால் வரும் குழப்பம் இது. தண்ணீரில் ராட், லைன், லைன் முனையில் கட்டும் லீடர், ரீலில் லைனை நழுவவிடும் டிராக், முள் எல்லாம் ஒரே தொடராகத்தான் வேலை செய்கின்றன. அந்தத் தொடரில் எங்கேயாவது ஓர் இடத்தில் இளக்கம் இருக்க வேண்டும். இளக்கம் என்றால் இழுக்கும்போது வளைந்தோ நீண்டோ கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. எல்லா இடத்திலும் இளக்கம் இருந்தால் முள் ஏறாது. எங்குமே இல்லாவிட்டால் ஏறிய முள் கிழித்துக்கொண்டு வரும், இல்லையேல் லைன் அறும். ஸ்விம் ஜிக் என்ற ஒரே ஒரு லூரை (செயற்கை இரையை) வைத்து இதைப் பார்த்துவிட்டால் மற்ற லூர்களுக்கும் கணக்கு புரிந்துவிடும்.

முதலில் அந்தக் கிலோ கணக்கு

ஒரு 7 அடி ராடில் லைனைக் கோத்து, நுனியிலிருந்து தொங்கும் லைனில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். ராடைக் கிடைமட்டமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பாட்டிலின் எடை ஒரு கிலோதான். ஆனால் மணிக்கட்டு திணறும். காரணம், ராட் ஒரு நெம்புகோல். முன்னால் பிடிக்கும் கையிலிருந்து நுனி வரை 180 செ.மீ., அதே கையிலிருந்து அடிப்பிடி வரை 35 செ.மீ. என்று வைத்தால், நுனியில் ஒரு கிலோ தொங்கும்போது அந்தக் கை ஏறக்குறைய 6 கிலோவைச் சுமக்கிறது. ராட் வளைய வளைய நுனி நம் பக்கம் வந்து அந்தத் தூரம் குறைவதால் சுமையும் குறையும். வளைவது ராடின் பலவீனம் இல்லை, அதுதான் அதன் வேலை.

அதனால் பத்து கிலோ மீனை ஒரு ராட் "தூக்கும்" என்பதற்குப் பொருளே இல்லை. தண்ணீருக்குள் மீனுக்கு எடை கிட்டத்தட்ட கிடையாது. மீன் ஓடும்போது உண்டாகும் இழுவையைத்தான் சமாளிக்கிறோம். மூன்று கிலோ இழுவையை விடாமல் கொடுத்தாலே பெரிய மீன் களைத்துவிடும். அதே மீனைப் பாலத்தின் மேலிருந்து ராடாலேயே காற்றில் தூக்க நினைத்தால் எந்த விலை ராடும் உடையும். தூக்குவதற்கு வலைக்கூடை வேண்டும்.

ஸ்விம் ஜிக் எப்படி இருக்கும்

உயிர் இரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இரைதான் லூர். ஸ்விம் ஜிக்கின் தலை ஈயம் அல்லது டங்ஸ்டன். மூக்கு கூராக, துப்பாக்கிக் குண்டு போல இருக்கும். லைன் கட்டும் வளையம் மூக்கு நுனியிலேயே இருப்பதால் செடித்தண்டுகளுக்கு நடுவே நழுவி வரும். ஒற்றை முள், மேல்நோக்கி நிற்கும். முள்முனைக்கு முன்னால் விறைப்பான இழைக் கற்றை ஒன்று தலையிலிருந்து சாய்வாக எழும்பி நிற்கும். இதைப் புல்தடுப்பு என்போம். செடி உரசினால் முள்ளில் மாட்டாமல் தள்ளிவிடுவது இதன் வேலை. தலையைச் சுற்றிச் சிலிக்கான் குஞ்சம். முள்ளில் கோக்கும் ரப்பர் மீன், அதாவது டிரெய்லர், வாலை ஆட்டிக்கொண்டு வரும். எறிந்துவிட்டு ஒரே சீராகச் சுற்றி இழுப்பதுதான் முறை. நடுநடுவே ராட் நுனியை லேசாக ஆட்டினால் போதும்.

அமெரிக்காவில் செடிகொடி நிறைந்த ஏரிகளில் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்காக உருவான லூர் இது. நம் ஊர்த் தண்ணீரில் பாஸ் கிடையாது. ஆனால் அதைப் போலவே மறைவில் பதுங்கியிருந்து, கடந்து போகும் சிறு மீனைப் பாய்ந்து பிடிக்கிற இரண்டு மீன்கள் இருக்கின்றன. ஏரி, குளத்தில் விரால். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் கொடுவா. இரண்டும் ஸ்விம் ஜிக்கை அடிக்கும்.

ஒரே எச்சரிக்கை: வீடியோவில் பாஸுக்குச் சொல்லும் அளவுகளை அப்படியே கொடுவாவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். லார்ஜ்மவுத் பாஸின் உலக சாதனை 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன், அதாவது 10 கிலோவை ஒட்டி. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்டதும் கிட்டத்தட்ட அதே எடைதான். கொடுவாவிலோ 40 கிலோவைத் தாண்டிய மீனே பதிவாகியிருக்கிறது. அவ்வளவு பெரியது நமக்கு அடிக்கப் போவதில்லை. ஆனாலும் பாஸுக்குச் செய்த மெல்லிய முள்ளை ஐந்து கிலோ கொடுவாவே நிமிர்த்திவிடக்கூடும்.

இந்த லூர் கேட்கும் இரண்டு எதிரெதிர் விஷயங்கள்

ஒன்று, விசை. மூன்று முனை கொண்ட மெல்லிய முள் வைத்த மிதவை லூர்களில் மீன் உரசினாலே மாட்டும். ஸ்விம் ஜிக்கில் இருப்பது தடித்த ஒற்றை முள். புல்தடுப்பை மடக்கி, ரப்பர் டிரெய்லரைக் கடந்து, கெட்டியான தாடையில் அது ஏற வேண்டும். அதற்கு ராடும் லைனும் விறைப்பாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, பொறுமை. ஜிக் நகர்ந்துகொண்டே வரும்போது மீன் பின்னாலிருந்து வந்து, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். அந்த நொடியில் லைன் கம்பி போல முறுக்காக இருந்தால் ஜிக் வாய்க்குள் போகாமல் உதட்டிலேயே நின்றுவிடும். நாமும் அடி விழுந்த அதிர்ச்சியில் வெடுக்கென்று இழுத்துவிடுவோம். அடி விழுந்தது, மீன் இல்லை. "சின்ன மீன் போல" என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆகவே தொடக்கத்தில் கொஞ்சம் இளக்கமும் வேண்டும்.

துறட்டியால் முருங்கைக்காய் பறித்திருப்பவருக்கு இது தெரிந்த கதைதான். நீண்ட மூங்கில், நுனியில் கட்டிய கொக்கி. மூங்கில் முழுக்கத் துவள்வதாக இருந்தால், நாம் இழுக்கிற இழுப்பெல்லாம் கோலை வளைப்பதிலேயே போகும். காம்பு ஆடுமே தவிர அறாது. கொக்கியைக் கயிற்றுக்குப் பதில் ரப்பர் பட்டையால் கட்டினாலும் இதே கதி. கடப்பாரை மாதிரி துளியும் வளையாத கோலென்றால், கொக்கி காம்பில் பதியும் முன்பே தெறித்து விலகும், அல்லது கிளையே முறிந்து வரும். நல்ல துறட்டிக்கோல் நுனிப் பக்கம் லேசாக வளைந்து கொக்கியைக் காம்பில் உட்கார வைக்கும். அதற்குமேல் இழுத்தால் அடிமூங்கிலின் விறைப்பு வேலை செய்யும். ஸ்விம் ஜிக் ராடும் இப்படித்தான் இருக்க வேண்டும்: நுனியில் இளக்கம், இடுப்பிலிருந்து கீழே விறைப்பு.

பவர், ஆக்‌ஷன்: ஒன்றோடொன்று குழப்பப்படும் இரண்டு

பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். ராடில் எல், எம், எம்எச், எச் என்று சுருக்கி எழுதியிருக்கும்.

ஆக்‌ஷன் என்பது ராட் எந்த இடத்தில் வளைகிறது என்பது. மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட். ஏறக்குறைய பாதி வரை வளைந்தால் மாடரேட். பிடி வரை மொத்தமாக வளைந்தால் ஸ்லோ. ஃபாஸ்ட்டுக்கும் மாடரேட்டுக்கும் நடுவில் நிற்பது மாடரேட் ஃபாஸ்ட். ரீல் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டும் தனித்தனி என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஹெவி பவர் ராடில் மாடரேட் ஆக்‌ஷன் உண்டு. லைட் ராடில் ஃபாஸ்ட் ஆக்‌ஷனும் உண்டு. "நுனி வளையுது, அதனால இது லைட் ராட்" என்று கடையில் சொல்லக் கேட்டால் நம்ப வேண்டாம். இன்னொரு சிக்கல்: பவருக்குப் பொதுத் தரநிலை எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் எம்எச் இன்னொரு கம்பெனியின் எம் போல இருக்கும். அதனால் எழுத்தைவிட அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் லூர் எடையை நம்புவது மேல்.

ஸ்விம் ஜிக்குக்குப் பொதுவான பதில் மீடியம் ஹெவி பவர், மாடரேட் ஃபாஸ்ட் அல்லது ஃபாஸ்ட் ஆக்‌ஷன். இந்த இரண்டு ஆக்‌ஷனில் எது என்பதை லைன்தான் முடிவு செய்யும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பவர் என்றால் எவ்வளவு விறைப்பு, ஆக்‌ஷன் என்றால் எங்கே வளைவு. தடித்த முள்ளுக்குப் பவர் வேண்டும், உறிஞ்சும் மீனுக்கு நுனி இளக்கம் வேண்டும்.

ராடின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பது

பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் எல்லாம் இருக்கும். '702எம்எச்' என்றிருந்தால் பெரும்பாலும் 7 அடி 0 அங்குலம், 2 துண்டு, மீடியம் ஹெவி. '662எம்' என்றால் 6 அடி 6 அங்குலம், 2 துண்டு, மீடியம். முன்னால் வரும் எஸ் ஸ்பின்னிங், சி காஸ்டிங். ஸ்பின்னிங் ராடில் ரீலும் வளையங்களும் கீழே தொங்கும். காஸ்டிங் ராடில் மேலே உட்காரும். ஒன்றின் ரீலை மற்றதில் மாட்டக் கூடாது. ஸ்பின்னிங் ரீலிலிருந்து லைன் சுருள் சுருளாக வெளிவரும், அதை அடக்கத்தான் அந்த ராடின் முதல் வளையம் அகலமாக இருக்கிறது. காஸ்டிங் ராடின் சின்ன வளையத்தில் அது மோதி எறிதூரம் குறையும்.

அடுத்து 'லூர் 10–30 கிராம்' போன்ற வரி. இங்கேதான் பலரும் தவறுவது. ஜிக் பெட்டியில் 3/8 அவுன்ஸ் என்று இருக்கும், அதாவது சுமார் 10.5 கிராம். அது தலையின் எடை மட்டும். டிரெய்லர் ரப்பர் மீன் 4 அங்குலம் என்றால் 7 முதல் 10 கிராம் வரை கூடும். ஆக எறிவது 20 கிராம். 1/2 அவுன்ஸ் ஜிக் என்றால் 14 கிராம், டிரெய்லரோடு 24 வரை போகும். '5–15 கிராம்' ராடில் இதை முழு வேகத்தில் எறிந்தால் ராட் ஒருநாள் நடுவில் முறியும். மறுபக்கம், '20–60 கிராம்' ராடில் 10 கிராம் ஜிக்கை எறிந்தால் ராட் வளையவே வளையாது. லூர் காலடியிலேயே விழும். நமக்கு வேண்டிய எடை அந்த வரம்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும்.

நீளத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 7 அடி போதும். திறந்த கரையிலும் பாறைமேட்டிலும் நின்று எறிகிறவருக்கு 7 அடி 6 அங்குலம் வசதி. கருவேல முள் சூழ்ந்த ஏரிக்கரையில் 6 அடி 6 அங்குலம். ஸ்கூட்டரில் போகிறவர் இரண்டு துண்டு ராடே வாங்கலாம். 7 அடி ராட் மடித்தால் 107 செ.மீ.தான். ஒரே துண்டு ராடுதான் உயர்ந்தது என்பது இன்றைய ராடுகளுக்குப் பெரிதாகப் பொருந்தாது.

லைன்: மூன்று வகை, மூன்று குணம்

நைலான் நரம்பு நாம் எல்லோரும் தங்கூசி என்று அறிந்ததுதான். ஒற்றை இழை, விலை குறைவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும். இழுத்தால் நீளும். தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் வலுவிழக்கும். வெயிலில் கிடந்தால் சீக்கிரம் மட்கும். சென்னை வெயிலில் மொட்டை மாடியில் விட்டுவைத்த நரம்பை அடுத்த பருவத்துக்கு நம்ப முடியாது.

ஃப்ளோரோகார்பன் பார்க்க நைலான் மாதிரிதான் இருக்கும், பொருள் வேறு. தண்ணீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தி, அதனால் நன்றாக மூழ்கும். ஒளியை வளைக்கும் அளவு தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் தெளிந்த நீரில் கண்ணுக்குக் குறைவாகப் படும். உரசல் தாங்கும். கட்டும்போது எச்சில் தொட்டு ஈரமாக்காமல் முடிச்சை இறுக்கினால் சூட்டில் வெந்து, முடிச்சிலேயே அறுந்துவிடும்.

பிரெய்ட் என்பது மெல்லிய பாலிஎதிலீன் இழைகளை நாலாகவோ எட்டாகவோ பின்னியது. அதே வலுவுக்கு மிக மெல்லிசு. நீளவே நீளாது என்று சொல்லுமளவுக்கு நீட்சி குறைவு. தண்ணீரைவிட லேசு என்பதால் மிதக்கும். அல்லித்தண்டு போன்ற மென்செடியை இழுவையில் அறுத்துக்கொண்டு வரும். நரம்புக்கு அந்தத் திறமை கிடையாது. ஆனால் சிப்பி, பாறை விளிம்பு, கான்கிரீட் தூண் பட்டால் நொடியில் நார் நாராகிவிடும்.

நீட்சி என்ன செய்யும் என்று ஒரு கணக்கு. 25 மீட்டர் தள்ளி மீன் அடிக்கிறது. நாம் ராடைச் சுண்டி இழுக்கும்போது நுனி நகர்வது ஒன்றரை, இரண்டு மீட்டர். நைலான் நரம்பு அந்த விசையில் 5 விழுக்காடு நீண்டாலே ஒண்ணேகால் மீட்டர் காணாமல் போகும். லைனில் தொய்வும் இருந்தால் முள்ளுக்குப் போய்ச் சேர்வது அநேகமாக ஒன்றுமில்லை. தடித்த முள் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, ராடில் இல்லை. பிரெய்டில் இந்த இழப்பு இல்லை. அதனால்தான் செடிக்குள் ஸ்விம் ஜிக் போடுகிறவர்கள் பிரெய்டுக்குப் போனார்கள்.

இப்போது ஆக்‌ஷன் கேள்விக்குத் திரும்பலாம். லைன் நீளாவிட்டால் இளக்கத்தை ராடுதான் தர வேண்டும். ஆகவே பிரெய்ட் போட்டால் மாடரேட் ஃபாஸ்ட். நைலான் நரம்போ ஃப்ளோரோகார்பனோ நேரடியாகப் போட்டால் லைனே கொஞ்சம் நீளும், அப்போது ஃபாஸ்ட். ஃபாஸ்ட் ராடோடு பிரெய்ட் போட்டால் அடி நன்றாகத் தெரியும், ஆனால் வெடுக்கென்று இழுக்கிற கை இருப்பவருக்கு மீன் தங்காது. மாடரேட் ராடோடு நரம்பு போட்டால் முள் ஏறாது. பெரிய மர்மமாகப் பேசப்படும் "ராட் லைன் மேட்சிங்" எல்லாம் இவ்வளவுதான்.

பவுண்டும் பி.இ. எண்ணும்

பவுண்டு, அதாவது டப்பாவில் எல்பி என்று இருப்பது, அறுபடும் வலு. ஒரு பவுண்டு 0.45 கிலோ. 20 பவுண்டு 9 கிலோ, 30 பவுண்டு 13.6 கிலோ, 50 பவுண்டு 22.7 கிலோ. பி.இ. எண் ஜப்பானிய முறையில் பிரெய்டின் தடிமன். பி.இ. 1 என்றால் சுமார் 0.165 மி.மீ., பி.இ. 2 சுமார் 0.235, பி.இ. 3 சுமார் 0.285, பி.இ. 4 சுமார் 0.33. ஒன்று தடிமன், மற்றது வலு. பி.இ. 2 என்று போட்டு ஒரு கம்பெனி 25 பவுண்டு என்கும், இன்னொன்று 40 என்கும். மலிவான பிரெய்டில் 'பி.இ. 2, 60 பவுண்டு' என்று பார்த்தால் இரண்டில் ஒன்று பொய்.

ஒப்பிட்டுப் பார்க்க: 30 பவுண்டு நைலான் நரம்பு அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வரும். அதே வலு பிரெய்டில் பாதிக்கும் குறைவான தடிமனில் கிடைக்கிறது. மெல்லிய லைன் தூரமாகப் பறக்கும், ரீலிலும் நிறைய கொள்ளும். 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீலில் பி.இ. 2 பிரெய்ட் 150 மீட்டர் போதும். ரீலில் லைன் சுற்றும் உருளைதான் ஸ்பூல். வெறும் ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகக் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டதென்று நினைப்போம். முதலில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும். ஈரத்துணியால் லைனைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் எறியும்போது கொத்தாக வெளிவந்து சிக்கும்.

லீடர்

பிரெய்டின் முனையில் கட்டும் குட்டையான ஃப்ளோரோகார்பன் அல்லது நைலான் துண்டுதான் லீடர். மீனின் கண்ணுக்கு மறைப்பதைவிட உரசலுக்கு ஈடு கொடுப்பதே நம் தண்ணீரில் அதன் முக்கிய வேலை. கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வாயும் அரம் போலச் சொரசொரப்பு. 20 பவுண்டு லீடர் ஒரு குதியில் போய்விடும். 40 பவுண்டு, 60 முதல் 90 செ.மீ. வைப்பது நல்லது.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு மிகச் சிறந்தது. மெல்லிசாக இருப்பதால் வளையங்களில் தட்டாமல் வெளியேறும். ஆனால் வீட்டு மின்விசிறிக்குக் கீழே நிதானமாகக் கட்டிப் பழக வேண்டிய முடிச்சு அது. காற்றடிக்கிற கரையில் முதல் தடவை முயன்றால் கோபம்தான் வரும். அதுவரை டபுள் யூனி முடிச்சு போதும். லீடர் இல்லாமல் பிரெய்டை நேராக ஜிக்கில் கட்டுவதென்றால் பாலோமர் முடிச்சு போடுங்கள். நரம்புக்குப் போடும் கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் வழுக்கி அவிழும்.

டிராக்: கடைசி இளக்கம்

ரீலில் ஒரு குறிப்பிட்ட இழுவைக்கு மேல் போனால் லைனை வெளியே விடும் அமைப்பு டிராக். முள் ஏறும்வரை ராட் நுனியின் இளக்கம் போதும். ஏறிய பிறகு பெரிய மீன் பாயும்போது டிராக் விட்டுக்கொடுக்க வேண்டும். அளவு, தொடரில் இருப்பதிலேயே வலுக் குறைந்ததில் நாலில் ஒரு பங்கு. பிரெய்ட் 30 பவுண்டு, லீடர் 40 என்றால் கணக்கு 30க்குத்தான்: சுமார் 3.4 கிலோ. முதலில் 3 கிலோவில் தொடங்குங்கள். பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி, லைனை அதில் மாட்டி, ராடை 45 பாகையில் பிடித்து இழுத்தால் எந்த எடையில் டிராக் நழுவுகிறது என்று தெரிந்துவிடும். கையால் இழுத்துப் பார்த்து "டைட்டா இருக்கு" என்பது பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது.

சென்னைத் தண்ணீருக்கு

முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளில் கொடுவாவுக்கு: 7 அடி முதல் 7 அடி 6 வரை, எம்எச், மாடரேட் ஃபாஸ்ட், லூர் வரம்பு 10–35 கிராம் அளவில், 4000 ஸ்பின்னிங் ரீல், பி.இ. 2, 40 பவுண்டு லீடர், 10 முதல் 14 கிராம் ஜிக். சிப்பி அப்பிய தூண்களுக்குப் பக்கத்தில் என்றால் பி.இ. 3, 50 பவுண்டு லீடர், டிராக்கை இன்னும் அரை கிலோ இறுக்கலாம். நன்னீருக்கான பாஸ் ஜிக்குகளின் முள் உப்பில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பி தடித்ததாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஏரி, குளத்து விராலுக்கு: 6 அடி 6 முதல் 7 அடி, எம்எச் அல்லது எச், ஃபாஸ்ட். மேலே சொன்ன இளக்கக் கணக்குக்கு இது முரணாகத் தெரியும். ஆனால் விரால் மாட்டியதும் கோரைக்குள் தலையை நுழைத்துவிடும். முதல் இரண்டு நொடியில் வெளியே திருப்பியாக வேண்டும். இங்கே இளக்கத்தைவிட விறைப்புக்கு மதிப்பு அதிகம், அடித்ததும் ஒரு நொடி பொறுத்துச் சுண்டுவது ராட் நுனிக்குப் பதிலாக நாம் தரும் இளக்கம். பி.இ. 3 அல்லது 4, நேராகவோ ஒரு சாண் 40 பவுண்டு லீடரோடோ. ஆகாயத்தாமரை பாய் விரித்தது போல மூடிய இடத்தில் ஸ்விம் ஜிக் பயனில்லை, அங்கே தவளை லூர்தான். ஜிக்குக்கு ஏற்றது பாயின் ஓரமும், தண்டுகளுக்கு இடையே தண்ணீர் தெரிகிற பகுதியும். ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விட்டிருப்பார்கள், குடிநீர் ஏரிகளில் தனிக் கட்டுப்பாடு உண்டு. கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வெளிநாடு போய் உண்மையான பாஸுக்கே போடுவதானால், தெளிந்த நீரில் 15 முதல் 17 பவுண்டு ஃப்ளோரோகார்பனை நேரடியாகப் போடுவார்கள். அடர்ந்த செடியில் 40, 50 பவுண்டு பிரெய்ட்.

மீன் தங்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது

அடி விழுந்து உடனே விட்டுப்போனால், இழுத்தது சீக்கிரம். லைன் கனக்கும் வரை சுற்றிவிட்டுப் பிறகு சுண்டுங்கள். கொஞ்ச நேரம் போராடி விட்டுப்போனால், முள் ஆழமாக ஏறவில்லை. முள்முனையை நகத்தில் வைத்துப் பாருங்கள், வழுக்கினால் மழுங்கிவிட்டது. புல்தடுப்பும் காரணமாகலாம். புது ஜிக்கில் அது தடித்த தூரிகை மாதிரி இருக்கும். இழைகளை விசிறி போலப் பிரித்துவிட்டு, முள்முனைக்கு 3 மி.மீ. மேலே நிற்கும்படி கத்தரிக்கலாம். இன்னும் விறைப்பு என்றால் சில இழைகளை அடியோடு வெட்டிவிடலாம். லீடர் அறுந்து வந்தால் முனையைப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் உரசல், தடிமனைக் கூட்டுங்கள். சுருண்டு பன்றிவால் போல இருந்தால் முடிச்சு வழுக்கியது, லீடரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ராட் உடைவது பெரும்பாலும் மீனால் அல்ல. காலடிக்கு வந்த மீனுக்கு ராடைச் செங்குத்துக்கு மேல் பின்னால் சாய்த்தால் மொத்தச் சுமையும் மெல்லிய நுனிக்குப் போய் முறியும். ஜிக் எங்காவது சிக்கிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்கக் கூடாது. ராடை லைனுக்கு நேராக நீட்டி, லைனை ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் பிரெய்ட் விரலை அறுத்துவிடும்.

கடையில் ராடைச் சோதிக்க, நுனியைக் கையால் பிடித்து வளைப்பதும் கூரையில் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். ரீலை மாட்டி, வளையங்கள் வழியாக லைனைக் கோத்து, முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள மெதுவாக உயர்த்துங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு முதலில் வளைந்து, இழுவை கூடக் கூட வளைவு நடுப்பகுதிக்கு இறங்கி, பிடிக்கு மேலுள்ள பகுதி நிமிர்ந்தே நின்றால் அதுதான் வேண்டிய ராட். வளையங்களின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் விரிசல் இருக்கிறது, பிரெய்டை அது அறுக்கும்.

ராடில் 'கார்பன்' என்றோ 'கிராஃபைட்' என்றோ போட்டிருந்தால் அது மின்சாரம் கடத்தும். ஏரிக்கரையில் தலைக்கு மேல் மின்கம்பி போகிற இடத்தில் எறிய வேண்டாம். அக்டோபருக்குப் பிறகு மழைக்காலத்தில் தூரத்தில் இடி கேட்டாலே ராடை மடித்துவிட்டுக் கரையேறுங்கள்.